அரிய காட்டெறும்பை இனங்காண்பதும் வகைப்படுத்துவதும்: பொதிகை மலைக் காடுகளுக்கான வழிகாட்டி

களக்காட்டிலிருந்து பாபநாசம் வரை நீளும் மலைக்காடுகளின் ஓரத்தில் எறும்புகளைக் கவனிக்கத் தொடங்கும் எவரும், விரைவிலேயே தாம் முன்பு பார்த்திராத ஓர் எறும்பைச் சந்திப்பார். அப்போது மனத்தில் எழும் முதல் கேள்வி ‘இது அரிய இனமா?’ என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. எறும்பு எந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குள் எந்தப் பேரினம், அதற்குள் எந்தச் சிற்றினம் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். கையிலுள்ள சான்று எந்தப் படியில் முடிகிறதோ அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டும். பேரினம் வரை மட்டுமே உறுதியாகத் தெரிந்த ஓர் எறும்பைப் பேரினத்தோடு நிறுத்திப் பதிவு செய்தவர், அதற்கு அவசரமாக ஒரு சிற்றினப் பெயரைச் சூட்டியவரைவிட அறிவியலுக்குப் பெரிய உதவியைச் செய்திருக்கிறார்.

இந்தப் பணியின் அளவையும் முதலிலேயே உணர்ந்துகொள்வது நல்லது. உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள எறும்புச் சிற்றினங்கள் 14,000-க்கும் மேற்பட்டவை. இந்திய எறும்புகளுக்கென 2016-இல் வெளியான பட்டியலில் 10 துணைக்குடும்பங்கள், 100 பேரினங்கள், துணைச்சிற்றினங்களையும் சேர்த்து 828 பெயர்கள் இடம்பெற்றன. அதன் பின்னும் ஆண்டுதோறும் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகின்றன.

அனுமதி

1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாகும். அதன் எல்லைக்குள் ஓர் எறும்பைப் பிடித்து எடுத்துச் செல்வதற்கும் அனுமதி தேவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் முதுகெலும்பற்ற உயிர்களையும் அடக்குகிறது என்பதால், ‘எறும்புதானே’ என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆய்வுக்கான அனுமதியை மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பெற வேண்டும். மாணவர்கள் தங்கள் கல்லூரித் துறையின் வழியாக விண்ணப்பிப்பதே முறை. மணிமுத்தாறு அருவி, களக்காட்டுத் தலையணை போன்ற, பொதுமக்களை அனுமதிக்கும் இடங்களில் எறும்பைத் தொடாமல் படம் எடுக்கலாம்.

அனுமதி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மலையடிவாரத்து வாழைத்தோட்டம், மாந்தோப்பு, குளத்துக் கரை, சொந்தப் பட்டா நிலம், ஊராரின் இசைவோடு பார்க்கக்கூடிய சாஸ்தா கோயில்களின் பழைய மரக்கூட்டங்கள் ஆகியவை பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. இந்த மரக்கூட்டங்களை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. தலைமுறைகளாகச் சருகு அள்ளப்படாமலும் மண் கிளறப்படாமலும் இருக்கும் நிலம் சமவெளியில் இவற்றைத் தவிர வேறெங்கும் அதிகமாக இல்லை.

பொதுவானவற்றை முதலில் அறிதல்

அரியதைத் தேடுவதற்கு முன் அன்றாடம் கண்ணில் படும் இருபது, முப்பது எறும்புகளைப் பெயரோடும் அடையாளத்தோடும் அறிந்திருக்க வேண்டும். மாமரத்தில் இலைகளைத் தம் புழுக்களின் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் முசுறு. வீட்டுச் சுவரோரம் திசை தெரியாததுபோல் விரையும் நீண்ட காலுடைய பைத்தியக்கார எறும்பு. தீச்சுட்டதுபோல் கொட்டும் நெருப்பெறும்பு. காய்ந்த மரக்கிளையில் வாழும், கருப்பும் செம்பழுப்புமான மெல்லிய உடலுடைய டெட்ராபோனெரா ருஃபோநைக்ரா. தரையில் அகன்ற வரிசையாகப் படையெடுத்துச் செல்லும் லெப்டோஜெனிஸ். உடல் முழுவதும் விரல்ரேகை போன்ற வரிகள் ஓடும் டயகம்மா. வயிற்றைத் தலைக்கு மேல் உயர்த்தி மிரட்டும் கிரெமடோகாஸ்டர் ஆகியவை இந்தத் தொடக்கப் பட்டியலில் அடங்கும். இவற்றை லென்ஸ் வழியே பலமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் வேறுபாடு புலப்படும்.

எறும்பல்லாதவற்றைத் தள்ளிவைக்கவும் பழக வேண்டும். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வரும் ஈசல் கறையானின் சிறகுள்ள பருவமாகும். அதன் இடை அகன்றிருக்கும், உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும், முன்சிறகும் பின்சிறகும் ஒரே அளவில் இருக்கும். எறும்பின் இடை ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கை போல் மடங்கியிருக்கும். முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிதாக இருக்கும். முசுறைப் போன்ற தோற்றத்துடன் அதே மரத்தில் திரியும் ஒரு குதிக்கும் சிலந்தியும் இப்பகுதியில் உண்டு. அதன் முன்கால்கள் உணர்கொம்புபோல் அசைந்தாலும், கால்களை எண்ணினால் எட்டு வரும்.

முன்பு பார்த்திராத எறும்பு என்பதாலேயே அது அரியதாகிவிடாது; வெளியிலிருந்து வந்து பரவும் இனமாகவும் அது இருக்கலாம். 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்தின் கரந்தமலை அடிவார ஊர்களில் கால்நடைகளுக்கும் பயிருக்கும் தொல்லை தந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்பை அங்கிருந்த பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்தனர். அது உலகின் மிக மோசமான பரவல் எறும்புகளில் ஒன்று.

தேடும் இடமும் பருவமும்

அரிய எறும்புகளில் பெரும்பாலானவை நடைபாதையில் நடப்பதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல், காக்காச்சி, கோதையாறு, செங்கல்தேரிப் பக்கத்துப் பசுமைமாறாக் காடுகளில், வெடிப்பலா மரங்களின் அடியில் தேங்கிக் கிடக்கும் ஈரச்சருகும் அதன் கீழுள்ள ஒரு சாண் மண்ணுமே அவற்றின் உலகம். மரத்தின் பலகை வேர்களுக்கிடையே சேரும் மக்கு, கையால் அழுத்தினால் உதிரும் அளவுக்கு உளுத்த கட்டை, தரையில் விழுந்து உள்ளீடு இற்றுப்போன சுள்ளி, பாசி படர்ந்த கல்லின் அடிப்பக்கம் ஆகிய நான்கையும் விடாமல் பார்க்க வேண்டும். விரல் பருமனுள்ள சுள்ளிக்குள் ஒரு முழுக் குடும்பமே, அரசியும் புழுக்களும் உட்பட, அடங்கியிருப்பதுண்டு. இத்தகைய குடும்பங்களில் சில டஜன் வேலைக்கார எறும்புகளே இருக்கக்கூடும் என்பதால், புரட்டிய கல்லையும் பிளந்த கட்டையையும் இருந்தபடியே திரும்ப வைப்பது கட்டாயம்.

கீழே இறங்க இறங்கக் காட்டின் இயல்பு மாறுகிறது. முண்டந்துறையைச் சுற்றிய இலையுதிர் காடும், களக்காட்டு அடிவாரத்து முட்புதர்க்காடும் வேறுவகை எறும்புகளைத் தாங்குகின்றன. நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடையும் பெரிய கண்களும் கொண்டு, இரையைக் கண்டால் தாவிப் பிடிக்கும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் தென்னிந்தியாவின் தனிச்சிறப்புகளில் ஒன்று. இயற்கையியலாளர் ஜெர்டன் 1851-இல் தென்னிந்திய எறும்புகளை விவரித்தபோது பெயரிட்ட இனம் இது. முதன்முறை காண்பவர் ஏதோ கிடைத்தற்கரிய எறும்பைக் கண்டதாகவே எண்ணுவார். தோற்றத்தின் விசித்திரத்துக்கும் அரிதான தன்மைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பருவத்தைப் பொறுத்தவரை, சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முதன்மை. மலையுச்சிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைப்பதால் நாலுமுக்கு, ஊத்து போன்ற இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி சருகு ஈரமாகவே இருக்கும். கனமழைக்கு மறுநாள் சருகை அள்ளினால் அது சேறாக ஒட்டிக்கொள்ளும். இரண்டொரு நாள் வெயில் கண்ட பின் அள்ளுவது நல்லது. கோடையில் சருகு வறண்டதும் பல இனங்கள் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதால், கோடையில் கிடைக்காத இனத்தை ‘இங்கு இல்லை’ என்று எழுதக்கூடாது. காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் வாழும் காணி மக்களுக்கு எந்த மரத்தடியில் எந்த எறும்பு எந்த மாதத்தில் வெளிவரும் என்ற நுட்பமான அறிவு உண்டு. அவர்களோடு நடக்க வாய்ப்புக் கிடைப்பவர்கள், கேட்டதைச் சொன்னவரின் பங்கு விளங்கும்படி முறையாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேகரிக்கும் முறை

அனுமதியுள்ள இடத்தில், சருகெறும்புகளுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் முறை 2000-ஆம் ஆண்டு வெளியானது. ஒரு கோட்டில் 10 மீட்டர் இடைவெளியில் 20 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் 1 சதுர மீட்டர் பரப்பின் சருகை அள்ளிச் சலித்து, சலித்ததை வலைப்பையிலிட்டு, அந்தப் பையை ஒரு துணிக்கூட்டுக்குள் தொங்கவிட வேண்டும். இந்தக் கருவிக்கு விங்க்ளர் என்று பெயர். சருகு மெல்ல உலர உலர எறும்புகள் ஈரம் தேடி வெளியேறி, அடியில் கட்டிய சாராயக் (எத்தனால்) குப்பிக்குள் விழும். 48 மணி நேரம் தொங்கவிட்டால் போதும்; மின்சாரமோ சூடோ தேவையில்லை. வீட்டில் பழகுவதற்கு ஒரு சல்லடையும் வெள்ளைத் தட்டும் போதுமானவை: சலித்த மக்கைத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால், மண்ணோடு மண்ணாக உறைந்து கிடந்த 2 மில்லிமீட்டர் எறும்பு நகரத் தொடங்கும். அந்தப் பொறுமையைக் கைக்கொள்ளாதவர் இத்தகைய இனங்களைக் காணவே முடியாது.

தீனி வைத்துக் கவர்வதும் உதவும். கருப்பட்டித் துணுக்கு ஒன்றும் கருவாட்டுத் துணுக்கு ஒன்றும் அருகருகே வைத்தால் இனிப்பு விரும்பிகளும் இறைச்சி விரும்பிகளும் தனித்தனியே வருவர். ஆனால் தீனிக்கு முதலில் திரண்டு வருபவை வலுத்த, பொதுவான இனங்களே. அரிய இனங்களில் பல குறிப்பிட்ட இரையை மட்டுமே வேட்டையாடுபவை என்பதால், தீனியை மட்டும் நம்பக்கூடாது.

வாயால் உறிஞ்சும் குழாயைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். கட்டெறும்பு வகையினத்தவை ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதன் ஆவியும் மக்கின் பூஞ்சைத் தூளும் நுரையீரலுக்குள் செல்லும். ரப்பர் குமிழ் பொருத்திய குழாயே பாதுகாப்பானது. ஒரு கூட்டிலிருந்து ஐந்தாறு வேலைக்கார எறும்புகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். அரசியை எடுக்கவே வேண்டாம். உருவ ஆய்வுக்கு 70 முதல் 80 விழுக்காட்டுச் சாராயமும், மரபணு ஆய்வுக்கு 95 விழுக்காட்டுச் சாராயமும் தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சீட்டு. இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், எடுத்தவர் பெயர், எடுத்த முறை, எறும்பு இருந்த நுண்ணிடம் (‘உளுத்த கட்டையின் உட்புறம், நிழல், ஈரம் மிகுதி’ என்பதுபோல்) ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் சாராயக் குப்பிக்குள்ளேயே இட வேண்டும். பேனா மை கரைந்துவிடும். குப்பியின் வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். சீட்டில்லாத எறும்பு எவ்வளவு அரியதாக இருந்தாலும் அதற்கு அறிவியல் மதிப்பு இல்லை. ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று மட்டும் எழுதிய சீட்டும் ஏறத்தாழ அப்படியே, ஏனெனில் அந்தச் சொல் தேரி மணலிலிருந்து மழைக்காடு வரை எல்லாவற்றையும் குறிக்கும்.

துணைக்குடும்பத்தை அறிதல்

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் பெரிய எறும்புகளுக்குப் போதும். சிறியவற்றுக்கு 40 மடங்காவது பெருக்கும் இருகண் நுண்ணோக்கி தேவை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிலும், ஆழ்வார்குறிச்சியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்திலும் இத்துறையில் பழகியவர்களை அணுகலாம். இனங்காணும் திறவுகோல்கள் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயரை நோக்கி இட்டுச்செல்லும் கேள்வி வரிசைகள்) பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளுக்காக எழுதப்பட்டவை என்பதால், சிறகுள்ள ஆணை வைத்துக்கொண்டு அவற்றில் இறங்கக்கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது இடை. கால்கள் இணைந்த நடுவுடலுக்கும் பருத்த பின்வயிற்றுக்கும் நடுவே ஒரு கணு இருக்கிறதா, இரண்டு கணுக்கள் இருக்கின்றனவா? இரண்டு கணு இருந்தால், பெரும்பாலும் அது மிர்மிசினே துணைக்குடும்பம். எறும்புலகின் மிகப் பெரிய பிரிவு அதுவே. உடல் ஒல்லியாகவும் கண் பெரிதாக நீண்டும் இருந்தால் சூடோமிர்மெசினே. கண்ணே இல்லாமலோ ஒரு புள்ளியளவாகவோ இருந்து, உணர்கொம்பின் அடி வாயின் விளிம்புக்கு மிக நெருங்கி அமைந்திருந்தால், படையெறும்புகளைக் கொண்ட டோரிலினேயையும், மண்ணுக்குள் வாழும் மிகச் சிறிய லெப்டனில்லினேயையும் ஐயுற வேண்டும். லெப்டனில்லினே உறுப்பினர் ஒன்று கிடைப்பதே பெரும்பேறு.

ஒரு கணு மட்டும் இருந்தால் பின்வயிற்றின் நுனிக்குச் செல்லுங்கள். அங்கே கொடுக்கு இல்லாமல், சிறு மயிர் வளையம் சூழ்ந்த வட்டத் துளை இருந்தால் ஃபார்மிசினே. கட்டெறும்பும் முசுறும் இதில் அடங்கும். கொடுக்கும் இல்லை, வட்டத் துளையும் இல்லை, குறுக்கான பிளவு மட்டும் உண்டு, நசுக்கினால் கடுமையான வாசனை வருகிறது என்றால் டோலிகோடெரினே. கொடுக்கு தெளிவாக இருந்து, பின்வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் இடையே இடுப்புக்கயிறு கட்டியதுபோல் ஓர் இறுக்கம் தெரிந்தால் பொனெரினே. இந்த இறுக்கம் ஓடோன்டோமேக்கஸ் போன்ற சில பொனெரினே எறும்புகளில் தெளிவாக இராது என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூற வேண்டாம். கணுவுக்குப் பின்புறச் சரிவே இல்லாமல் அது பின்வயிற்றோடு அகலமாக ஒட்டியிருந்தால் அம்ப்ளியோபொனினே. பின்வயிறு அடியில் மடிந்து, நுனி முன்னோக்கி வளைந்திருந்தால் புரோசெராட்டினே பக்கம் திரும்ப வேண்டும். இப்பிரிவைச் சேர்ந்த டிஸ்கோதைரியா சருகில் வாழும் மிகச் சிறிய எறும்பு, அதன் உணர்கொம்பின் கடைசிக் கணு அளவுக்கு மீறிப் பருத்திருக்கும்.

பேரினத்துக்கு இறங்குதல்

இங்குதான் பொறுமை சோதிக்கப்படும். மிர்மிசினேவுக்குள் இறங்கும்போது முதற்கருவி உணர்கொம்பின் கணு எண்ணிக்கை. அடியிலுள்ள நீண்ட தண்டை முதற்கணுவாக எண்ணி, நுனிவரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். தண்டைத் தலையோடு இணைக்கும் குமிழை எண்ணக்கூடாது. மிர்மிகேரியாவில் 7, மெரனோப்ளஸில் 9, நெருப்பெறும்பு அடங்கிய சொலெனாப்சிஸில் 10, கிரெமடோகாஸ்டரில் பெரும்பாலும் 11, ஃபைடோலேயில் பெரும்பாலும் 12 என்று எண்ணிக்கை பேரினத்தோடு ஒட்டிச் செல்கிறது. அதோடு நுனியிலுள்ள பருத்த கணுக்கள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும்: சொலெனாப்சிஸில் அவை இரண்டு, ஃபைடோலேயில் மூன்று. இரண்டு உணர்கொம்புகளையும் எண்ணுங்கள். ஒன்றில் 10 என்றும் மற்றதில் 11 என்றும் வந்தால், எண்ணியதில் தவறு இருக்கலாம் அல்லது நுனி ஒடிந்திருக்கலாம். இன்னோர் எறும்பை எடுத்து மீண்டும் எண்ண வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை தாடையின் வடிவமும் பல்லும், நடுவுடலின் பின்முனையில் முள் உண்டா என்பதும், இடைக்கணுவின் வடிவமும், இடைக்கணுக்களைச் சுற்றிப் பஞ்சு போன்ற திசு உண்டா என்பதும். இந்தப் பஞ்சுத் திசுவும், ஆறு அல்லது அதற்கும் குறைந்த கணுக்களுடைய உணர்கொம்பும் சேர்ந்தால் அது ஸ்ட்ரூமிஜெனிஸ் என்று கருத இடமுண்டு. இடையின் பின்கணு பின்வயிற்றின் மேற்புறத்தில் இணைந்திருப்பதும், மேலிருந்து நோக்கப் பின்வயிறு நெஞ்சுருவில் இருப்பதும் கிரெமடோகாஸ்டருக்கு உறுதியான அடையாளம்.

ஒரு பண்பை மட்டும் நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஓடோன்டோமேக்கஸும் அனோக்கீட்டஸும் நல்ல சான்று. இரண்டுக்கும் நேராக நீண்ட தாடைகள் உண்டு. இரண்டும் அவற்றை 180 பாகை விரித்து வைத்து இரையின்மீது சடாரென்று மூடும். அளவில் ஓடோன்டோமேக்கஸ் பொதுவாகப் பெரிது என்றாலும் அளவு நம்பத்தக்கதன்று. தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கழுத்தை நோக்கி இறங்கும் மேட்டுக்கோடுகள் நடுவில் கூர்முனையாகச் சந்தித்தால் ஓடோன்டோமேக்கஸ், அவை தொடர்ச்சியான வளைவாகப் போனால் அனோக்கீட்டஸ். ஓடோன்டோமேக்கஸின் இடைக்கணு ஒற்றை முள்ளாக முடியும். இந்த இரண்டு அடையாளங்களும் ஒத்துவரும்போது மட்டும் பெயரை எழுதுங்கள்.

நிறத்தை எந்தப் படியிலும் முதன்மைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த எறும்பு வெளிர்நிறமாக இருக்கும்; சாராயத்தில் நெடுநாள் கிடந்தாலும் நிறம் மங்கும். அளவும் அப்படித்தான். காம்போனோட்டஸ், ஃபைடோலே, கரெபாரா போன்ற பேரினங்களில் ஒரே கூட்டிலேயே சிறிய வேலைக்காரியும், பல மடங்கு பெரிய தலையுடைய பெரிய வேலைக்காரியும் சேர்ந்து வாழும். தனித்தனியே பிடித்தால் அவற்றை இரண்டு இனமென்றே எண்ணத் தோன்றும். ஆகவே எடுக்கும்போதே ஒரே கூட்டைச் சேர்ந்தவற்றை ஒரே குப்பியில் இட வேண்டும்.

சிற்றினம் என்ற கடைசிப் படி

பேரினம் உறுதியான பின், அந்தப் பேரினத்தின் இந்தியச் சிற்றினங்கள் எவை, அவற்றில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை எவை என்ற பட்டியலை முதலில் எடுக்க வேண்டும். இலங்கையைச் சேர்ப்பதற்குக் காரணம், தென்மேற்கு இலங்கையின் ஈரக்காடுகளும் நம் மலைக்காடுகளும் நெருங்கிய உயிரின உறவுடையவை என்பதே. எறும்புகளுக்கான இணையத் தரவுத்தளங்களில், பெயரிட அடிப்படையாக இருந்த மூல மாதிரிகளின் படங்களும் மூல விவரிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்திய எறும்புகளைப் பற்றி 1903-இல் பிங்காம் என்பவர் எழுதிய தொகுதி இன்றும் பயனுள்ளது. ஆயினும் அதிலுள்ள பேரினப் பெயர்களில் பல மாறிவிட்டன. அவர் சைமா என்று எழுதியது இன்று டெட்ராபோனெரா. லோபோபெல்டா என்று எழுதியது இன்று லெப்டோஜெனிஸ். பழைய பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக, அந்த இனம் மறைந்துவிட்டது என்றோ தம் கையிலுள்ளது புதியது என்றோ எண்ணிவிடக்கூடாது.

ஒப்பிடுவதற்கு எறும்பை முறையாகப் பொருத்த வேண்டும். தடித்த தாளை முக்கோணமாக வெட்டி, அதன் கூர்முனையில் சிறிதளவு பசை வைத்து, நடுக்காலும் பின்காலும் தொடங்கும் அடிப்பகுதியில் மட்டும் ஒட்டுமாறு எறும்பை அமர்த்தி, முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் பூச்சி ஊசியைக் குத்த வேண்டும். பசை கணுவையோ முகத்தையோ மறைத்தால் மாதிரி பாழாகும். பின் மூன்று படங்கள் எடுக்க வேண்டும்: முகத்துக்கு நேர் எதிரே, பக்கவாட்டில், மேலிருந்து. முகப்படத்தில் தலையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தலை சற்றுச் சாய்ந்தாலும் அளவுகள் மாறிவிடும்.

தாடையை நீக்கித் தலையின் நீளம், கண்களை நீக்கித் தலையின் அகலம், உணர்கொம்புத் தண்டின் நீளம், பக்கவாட்டில் நடுவுடலின் மூலைவிட்ட நீளம் ஆகிய நான்கும் அடிப்படை அளவுகள். தலை அகலத்தைத் தலை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தலைக் குறியெண். தண்டின் நீளத்தைத் தலை அகலத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தண்டுக் குறியெண். எடுத்துக்காட்டாக, தலை நீளம் 0.80, அகலம் 0.72, தண்டு 0.60 மில்லிமீட்டர் என்றால் தலைக் குறியெண் 90, தண்டுக் குறியெண் ஏறத்தாழ 83. ஓர் எறும்பின் அளவை மட்டும் எடுத்து நிறுத்தாமல், ஒரே கூட்டின் பல எறும்புகளை அளந்து, எந்த எல்லைக்குள் எண்கள் அலைகின்றன என்று பார்க்க வேண்டும். விவரிப்பிலுள்ள எண்ணும் நம் எண்ணும் சிறிதளவு விலகினால், அந்த விலகல் ஒரே கூட்டுக்குள் காணும் மாறுபாட்டைவிடப் பெரிதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை முடிவு சொல்லக்கூடாது.

மரபணு ஆய்வுக்கு ஒரு பின்கால் போதும். மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட பகுதியே உயிரினங்களின் பட்டைக்குறியாக (பார்கோடு) பயன்படுகிறது. ஆனால் ஒப்பிடுவதற்குத் தரவுத்தளத்தில் சரியாக இனங்காணப்பட்ட இந்திய மாதிரி இருந்தால்தான் அந்த எழுத்துத்தொடர் பேசும். உருவ ஆய்வைக் கைவிட்டு மரபணுவை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்று முழுமையாக இல்லையென்றால் பேரினப் பெயரோடு ‘இனம் 1’ என்று எழுதுங்கள். ஒரு சிற்றினத்தை நெருங்கியும் ஓரிரு பண்புகளில் விலகியும் இருந்தால், அதனோடு ஒப்பிடத்தக்கது என்று குறித்து, விலகும் பண்பை அருகிலேயே எழுதுங்கள்.

அரிது என்று எப்போது சொல்லலாம்

ஓர் எறும்பு மூன்று வழிகளில் அரியதாகத் தோன்றலாம்: அது வாழும் பரப்பு சிறியதாக இருக்கலாம், பரப்பு பெரிதாக இருந்தும் எங்கும் மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது மண்ணுக்குள்ளோ மர உச்சியிலோ வாழ்வதால் நம் கையில் சிக்காமல் மட்டும் இருக்கலாம். மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் முதலிரண்டோடு குழப்புகிறோம்.

டைரனோமிர்மெக்ஸ் என்ற பேரினத்தின் வரலாறு இதை விளக்கும். சருகில் வாழும், இரு கணுவுடைய இந்தச் சிறிய மிர்மிசினே எறும்பு 2003-இல் மலேசியாவிலிருந்து ஒரே ஒரு மாதிரியை வைத்து முதன்முதலில் விவரிக்கப்பட்டது. 2007-இல் தாய்லாந்திலிருந்தும், 2013-இல் இலங்கையிலிருந்தும் ஒவ்வொரு சிற்றினம் சேர்ந்தது. 2017-இல் டைரனோமிர்மெக்ஸ் ஆலியி என்ற நான்காவது சிற்றினம் கேரளத்தின் பொன்முடி மலையிலிருந்து விவரிக்கப்பட்டது. பொன்முடி நம் பொதிகையைத் தாங்கும் அகத்தியமலைப் பகுதியின் மேற்குச் சரிவில் உள்ளது. மலைமுகட்டின் கிழக்கே, திருநெல்வேலிப் பக்கத்திலும் அதே வகையான ஈரச்சருகும் பசுமைமாறாக் காடும் தொடர்கின்றன. இந்தப் பக்கம் அது இருக்கிறது என்று சொல்ல இந்த ஒற்றுமை மட்டும் போதாது. ஆனால் கிழக்குச் சரிவின் சருகை முறையாகச் சலித்துப் பார்ப்பது எவ்வளவு தேவையானது என்பதை அது உணர்த்துகிறது. இரு கணு, மிகச் சிறிய உடல், எந்த வழக்கமான பேரினத்தோடும் பொருந்தாத அமைப்பு ஆகியவற்றோடு ஓர் எறும்பு தட்டில் நகர்ந்தால், அதை ‘ஏதோ சிற்றெறும்பு’ என்று ஒதுக்காமல் தனிக் குப்பியில் இடுங்கள்.

அரிது என்று எழுதும் முன், தேடிய உழைப்பையும் சேர்த்து எழுத வேண்டும். எத்தனை சதுர மீட்டர் சருகைச் சலித்தோம், எந்தெந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், அவற்றுள் எத்தனை மாதிரிகளில் இது கிடைத்தது என்ற விவரம் இருந்தால், அடுத்து வருபவர் அதே முறையில் தேடி நம் கூற்றைச் சரிபார்க்க முடியும். கிடைக்காத இடங்களின் பட்டியலும் கிடைத்த இடத்தின் குறிப்பு அளவுக்கு மதிப்புடையது.

புதியது என்று தோன்றினால்

எல்லா விவரிப்புகளோடும் ஒப்பிட்ட பின்பும் பொருந்தாத எறும்பு ஒன்று எஞ்சினால், அந்தப் பேரினத்தில் பயின்ற எறும்பியலாளர் ஒருவருக்கு மூன்று படங்களையும் அளவுகளையும் சீட்டுத் தகவலையும் அனுப்ப வேண்டும். புதிய பெயர் செல்லுபடியாக வேண்டுமெனில் விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி அது வெளியிடப்பட வேண்டும். பெயரைத் தாங்கும் மூல மாதிரி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையென்றால் 2012 முதல், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் கட்டாயம். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிதாகக் கண்டறிந்த இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவ்வாறான காப்பகம். அதன் கிளைகள் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் உள்ளன. மாதிரியை வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் விதிகளைப் படித்து, தேவையான ஒப்புதலைப் பெற வேண்டும்.

கண்ட இடத்தைப் பொதுவெளியில் பகிரும்போது, ஒரே கூடு மட்டும் அறியப்பட்ட இனத்துக்குத் துல்லியமான இடக்குறியீட்டைத் தராமல், மலைப்பகுதியின் பெயரோடு நிறுத்துவது நல்லது; துல்லியக் குறியீடு மாதிரியின் சீட்டிலும் வனத்துறைக்கு அளிக்கும் அறிக்கையிலும் இருக்கட்டும். இனங்கண்டவர் பெயரும் நாளும் எழுதிய தனிச்சீட்டு ஒன்றை அதே ஊசியில் செருக வேண்டும். பிற்காலத்தில் வேறொருவர் அந்த எறும்பை மீண்டும் ஆராய்ந்து வேறு பெயர் தந்தால், முந்தைய சீட்டை அகற்றாமல் அதன் கீழே தம் சீட்டைச் சேர்க்க வேண்டும்.